பாலைவனத்தில் தேறிய சூரியத் தகடு நம் மழைக்காட்டில் தேறுமா?

"சோலார் எப்போதோ தேறிவிட்ட தொழில்நுட்பம்தானே மாமா, இன்னும் எதற்குச் சோதனை?" என்று கேட்டார் அந்தக் கேப்டன். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று மலேசியத் தரைப்படையில் தளவாடப் பொறுப்பில் இருக்கும் பிள்ளை. எல்லையோரக் காவல் நிலைகளுக்கும் ரோந்துக் குழுக்களுக்கும் சூரிய மின்கருவிகளை வாங்கலாமா என்று கருத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருக்கிறார். விற்பவர்கள் கொடுத்த கையேடுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். பெரும்பாலானவற்றில் "போர்க்களத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று அச்சடித்திருந்தார்கள். எந்தக் களம், எந்த வானம், எந்த மழைக்காலம் என்ற விவரம் ஒன்றிலும் இல்லை. அவருக்கு நான் சொன்ன பதிலையும், அந்தப் பதிலுக்காகத் தோட்டத்தில் செய்துபார்த்த வேலைகளையும் இங்கே எழுதுகிறேன்.

தரைப்படையின் தொலைத்தொடர்புப் பிரிவான ரெஜிமென் செம்பொயான் டிராஜாவில் வானொலிக் கருவிகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இப்போது ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில், ரெங்கம் நகரை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் காவல் பிரிவையும் மின்சார வேலைகளையும் கவனித்து வருகிறேன். அமெச்சூர் வானொலி உரிமமும் இருப்பதால், மாலையில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழைய நண்பர்களோடு பேசுவது வழக்கம். பணியாற்றிய நிலைகளின் பெயர்களை இங்கே குறிப்பிடமாட்டேன். அங்கே இன்றும் பிள்ளைகள் காவல் இருக்கிறார்கள்.

காட்டுக்குள் இருக்கும் நிலையில் மின்சாரம் என்றால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்றால் டீசல் பீப்பாய். சாலை இல்லாத இடத்துக்கு அது ஹெலிகாப்டரில்தான் வர வேண்டும். 1968 முதல் நம் விமானப்படையில் பறந்த நூரி ஹெலிகாப்டர் தெரிந்தால் அரிசியும் கடிதமும் டீசலும் வருகின்றன என்று பொருள். மேகம் மலையில் இறங்கிவிட்டால் எதுவும் வராது. அப்படிப்பட்ட நாட்களில் மிச்சமிருக்கும் டீசலில் எந்த பேட்டரியை முதலில் ஏற்றுவது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஜெனரேட்டர் சத்தம் இரவுக் காட்டில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதும் தெரியும். நாம் எங்கே இருக்கிறோம் என்று எதிரிக்கு நாமே அறிவிக்கும் சத்தம் அது.

மற்ற நாட்டுப் படைகளும் இதே வலியிலிருந்துதான் சூரியன் பக்கம் திரும்பின. 2006-ல் ஈராக்கின் அன்பார் மாநிலத்தில் இருந்த அமெரிக்க மேஜர் ஜெனரல் ரிச்சர்ட் ஸில்மர், சாலையில் எரிபொருள் வண்டிகளைக் குறைப்பதற்காகவே சூரிய, காற்று மின்கருவிகளை அனுப்புமாறு மேலிடத்துக்கு எழுதினார். 2007-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆப்கானிஸ்தானில் எரிபொருள் கொண்டுசென்ற வாகன அணிகளில் 24-க்கு ஒருவர் வீதம் உயிரிழந்தார் அல்லது காயமடைந்தார். ஈராக்கில் அது 39 அணிகளுக்கு ஒருவர். டீசல் பீப்பாயின் விலையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்குத்தான் நான் எழுதுவது புரியும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவது இரண்டாம் பட்சம்.

தகடு என்ற பொருளின் வரலாற்றில் எங்கள் பிரிவுக்காரர்களுக்குப் பெருமை உண்டு. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஏறத்தாழ 6 விழுக்காட்டுத் திறனுள்ள சிலிக்கன் சூரிய மின்கலத்தைக் காட்டியது. அதை விண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று விடாப்பிடியாக வாதாடியவர் அமெரிக்கத் தரைப்படையின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஹான்ஸ் ஸீக்ளர். 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வேன்கார்ட் 1 செயற்கைக்கோளில் பேட்டரியால் இயங்கிய அலைபரப்பி ஜூன் மாதத்திலேயே நின்றுபோனது. சூரியக் கலங்களால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. ஆகவே தகடு தேறிவிட்டதா என்று கேட்பவரோடு எனக்கு வாதமே இல்லை. தகடு தேறி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஒரு சிப்பாய் முதுகில் சுமந்து போவது தகடு மட்டுமல்லவே. மடிப்பு, தையல், கம்பி, இணைப்பி, மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி, அதற்கு அப்பால் வானொலி என்று ஒரு தொகுதியையே அவர் சுமக்கிறார். கேப்டன் தேறிவிட்டதா என்று கேட்டது தகட்டைப் பற்றி; அவர் வாங்கப்போவது தொகுதியை.

தொழில்நுட்பம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்க ஒரு படிக்கட்டு இருக்கிறது. நாசாவில் ஸ்டான் சாடின் 1974-ல் அதைத் தொடங்கிவைத்தார். அப்போது ஏழு படிகள். பிறகு அது ஒன்பது ஆனது. 1995-ல் ஜான் மேங்கின்ஸ் ஒவ்வொரு படிக்கும் விரிவான விளக்கம் எழுதினார். 4-ஆம் படியில் பாகங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து இயங்குகின்றன. 5-ல், நிஜத்தை ஒத்த சூழலில் அவை சோதிக்கப்படுகின்றன. 6-ல் முழு மாதிரியே அத்தகைய சூழலில் இயங்குகிறது. 7-ல் அது உண்மையான பணிக்களத்துக்கே போகிறது. 8 என்றால் இறுதி வடிவம் எல்லாச் சோதனைகளையும் தாண்டியது. 9 என்றால் பணியில் வென்று காட்டியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முழு உருவாக்க வேலைக்குள் நுழைய 6-ஆம் படியைக் கேட்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 7 வேண்டும் என்று நீண்ட காலமாக வற்புறுத்தி வருகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு புதிதல்ல. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஒரு புதிய பால்மரக் கன்று வகையை நேரடியாகத் தோட்டங்களுக்குப் பரிந்துரைத்ததில்லை. முதலில் சிறு பாத்தியில் நடுவார்கள். அதில் தேறினால் பல தோட்டங்களில், பல மண்ணில், பல மழையளவில் பெரிய சோதனை நடக்கும். ஓரிடத்தில் பால் கொட்டிய மரம் வேறோர் இடத்தில் காற்றில் முறிந்ததைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கையேடுகள் பெயர் சொல்லாமல் குறிக்கும் "போர்க்களம்" பெரும்பாலும் ஆப்கானிஸ்தானின் சங்கின் பகுதிதான். அந்தக் கதையை மதிப்போடு சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் படிகளை ஒழுங்காக ஏறினார்கள். 2010-ல் அமெரிக்க மரைன் படை முதலில் தன் குவாண்டிகோ தளத்தில் கருவிகளைப் பரப்பிவைத்துத் தேர்ந்தெடுத்தது. பிறகு கலிபோர்னியாவின் டுவென்டிநைன் பாம்ஸ் பாலைவனத்தில் ஒரு காலாட்படைக் கம்பெனி அவற்றோடு பயிற்சி செய்தது. அதே கம்பெனி, ஐந்தாம் மரைன் ரெஜிமெண்டின் மூன்றாம் பட்டாலியனைச் சேர்ந்த இந்தியா கம்பெனி, அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் சங்கினுக்குப் போனது. இரண்டு காவல் தளங்கள் முழுக்கச் சூரிய மின்சாரத்திலேயே இயங்கின. மூன்றாவது தளத்தில் நாளுக்கு 20 கேலன் குடித்த ஜெனரேட்டர் 2.5 கேலனுக்கு இறங்கியது. மடிப்புத் தகடுகளோடு போன ஒரு ரோந்து மூன்று வாரம் புது பேட்டரி கேட்காமல் நடந்தது. 700 பவுண்டு பேட்டரிச் சுமை மிச்சமானது.

இதைப் படித்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நாசாவின் பொறியியல் கையேட்டில் ஒரு விதி இருக்கிறது, விற்பவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஏற்கெனவே வெற்றிகரமாகப் பறந்த கருவியாக இருந்தாலும், அதை வேறு அமைப்பில், வேறு சூழலில் பயன்படுத்தப் போனால் அதன் படி 5-க்கு இறங்கிவிடும். புதிய சூழலில் மறுபடியும் ஏற வேண்டும். பாலைவனத்துக்கும் பூமத்திய ரேகைக் காட்டுக்கும் உள்ளதைவிடப் பெரிய சூழல் மாற்றம் தரையில் எது இருக்கிறது? சங்கினில் 9 வாங்கியது நம் எல்லையில் 5. கேப்டனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். "அப்படியானால் எங்கே ஏற்றுவது?" என்று அவர் கேட்டார். "இங்கேயே ஏற்றலாம் தம்பி" என்றேன்.

தோட்டம் இதற்கு உகந்த இடம். காட்டின் ஈரம் இங்கே இருக்கிறது, ஆனால் காயம்பட்டால் ரெங்கம் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். செம்பனை ஓலையின் நிழல், லாரி எழுப்பும் செம்மண் புழுதி, மாலை இடி, கம்பியைக் கடிக்கும் எலி, எதையும் பிரித்துப் பார்க்கும் குரங்கு எல்லாம் இலவசம். கிழக்கே கஹாங் பக்கம் போனால் யானையும் உண்டு. யானை வேலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்ட எல்லையில் ஓடும் மின்வேலிக்குத் துடிப்பு கொடுக்கும் பெட்டி ஒரு சிறிய தகட்டாலும் ஒரு பேட்டரியாலும் இயங்குகிறது. மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் அது தன் வேலையைச் செய்கிறது. எனவே நம் தட்பவெப்பத்தில் சூரிய மின்சாரம் எடுபடாது என்று பேசுபவர்களை நான் ஏற்பதில்லை. தேவை சிறியதாகவும், இடம் நிலையாகவும், தகட்டுக்குமேல் வானம் திறந்தும் இருந்தால் அது இங்கேயும் 9-ஆம் படிதான்.

சிக்கல் ரோந்தில் தொடங்குகிறது. முதலில் தேவையைக் கணக்கிட்டோம். 20 வாட் அலைபரப்பும் முதுகுச் சுமை எச்எஃப் (தொலைதூரச் சிற்றலை) வானொலி கேட்கும்போது ஏறத்தாழ 5 வாட், பேசும்போது ஏறத்தாழ 60 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு என்றால் சராசரி 10 வாட்டுக்குச் சற்று மேல், நாளுக்கு ஏறத்தாழ 250 வாட்-மணி. அமெரிக்கப் படை பயன்படுத்தும் பிபி-2590 லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 1.4 கிலோ எடையில் 200 வாட்-மணிக்குச் சற்று மேல் தரும். ஆகவே நாளுக்கு ஒன்றுக்கும் சற்று அதிகம். ஒரு வார ரோந்துக்கு அது எவ்வளவு சுமை என்று காலாட்படையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி வரவு. நம் நாட்டில் ஒரு நாளின் வெயிலை முழு வெயிலாகச் சுருக்கினால் சராசரியாக 4 முதல் 5 மணி நேரம். 100 வாட் தகடு காகிதத்தில் 450 வாட்-மணி தரும். தகட்டின் அளவீடு 25 பாகை செல்சியஸில் எடுக்கப்பட்டது. நம் வெயிலில் தரையில் விரித்த தகட்டின் கலம் 65 பாகைக்குப் போகும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைவதால் அங்கேயே 14 விழுக்காடு போய்விடும். கட்டுப்பாட்டுக் கருவியிலும் பேட்டரியிலும் இழப்பு உண்டு. புழுதியும் சேர்ந்தால் 300 கிடைத்தால் நல்ல நாள். திறந்த வெளியில், முழுநாளும் ஒரே இடத்தில் விரித்து வைத்திருந்தால்தான் அதுவும். ரோந்துக் குழு பகலில் நடக்கிறது.

நிழல்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. தகட்டில் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்த கலம் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் அடைத்துக்கொள்ளும். கூரைமேல் போடும் பெரிய தகட்டில் நிழல் விழுந்த கலங்களைச் சுற்றி மின்னோட்டம் போக மூன்று டையோடுகள் இருக்கும். மடிப்புத் தகடுகள் சிலவற்றில் போதுமானவை இருப்பதில்லை. ஒரே ஒரு செம்பனை ஓலையின் நிழலைக் குறுக்கே விழவைத்து அளந்தோம். மூடிய பரப்பு மிகச் சிறியது. விளைச்சலில் பாதிக்கு மேல் காணவில்லை. பக்கத்திலேயே விரித்த இன்னொரு தகடு, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக இணையாகக் கோக்கப்பட்டது, கொஞ்சம் மட்டுமே இழந்தது. இரண்டு கையேடுகளும் ஒரே வாட் அளவைத்தான் போட்டிருந்தன. வாங்குபவர்கள் வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மடிப்புகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்க வேண்டும். ஓலையையும் கையோடு எடுத்துப் போய் விற்பவரின் முன்னாலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

முழு நிழலைப் பற்றிப் பேசவே தேவையில்லை. முதிர்ந்த செம்பனைக்கு அடியில், அதைவிட மோசமாகக் காட்டு மரங்களுக்கு அடியில், தகடு வெறும் சுமை. இங்கேதான் படைக்கே உரிய முரண்பாடு வருகிறது. தகட்டுக்கு வானம் வேண்டும், சிப்பாய்க்கு மறைவு வேண்டும். ஆற்றங்கரையிலோ விழுந்த மரம் திறந்துவிட்ட இடைவெளியிலோ தகட்டை விரித்தால் வெயில் கிடைக்கும். மேலிருந்து பார்ப்பவனுக்கு அந்தத் தகடும் தெரியும். கண்ணாடிப் பளபளப்பு ஒரு பக்கம் இருக்க, வெயிலில் காயும் கறுப்புப் பரப்பு வெப்பக் கேமராவில் பச்சைக்கு நடுவே தனியாகத் தெரிகிறது. தோட்டத்தில் பயிர் பார்க்கும் ட்ரோனை ஒரு நண்பர் ஓட்டிக் காட்டினார். வெப்பக் கேமரா இல்லாமலேயே என்னால் தகட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. ட்ரோன்கள் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில், விளைச்சலை அளக்கும் அதே நாளில் மேலிருந்து எப்படித் தெரிகிறது என்பதையும் அளக்காத சோதனையைப் படைச் சோதனை என்று நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது, வானொலிக்காரனாக எனக்கு மிக முக்கியமாகப்பட்ட விஷயம். மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கிறது. அந்த வெட்டு இரைச்சலாக வெளியே கசியும். தகட்டிலிருந்து வரும் நீண்ட கம்பியே அதற்கு ஆண்டெனா ஆகிவிடும். காட்டிலும் மலையிலும் நமக்குக் கைகொடுப்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எச்எஃப் அலைகள். இரைச்சல் விழுவதும் சரியாக அங்கேதான். ஒரு கருவியை இணைத்தவுடன் என் 7 மெகாஹெர்ட்ஸ் வானொலியில் இரைச்சல் முள் ஏறியது. சரவாக்கிலிருந்து மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் குரல் அதற்குள் மூழ்கியது. பேட்டரி நிரம்பியிருக்கிறது, வானொலி இயங்குகிறது, செய்தி மட்டும் கேட்காது. மின்சாரப் பொறியாளர் ஒருவர் மட்டும் சோதித்தால் இந்தக் கருவி முழு மதிப்பெண் வாங்கிப் போய்விடும்.

இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களைக் கம்பியின் இரண்டு முனையிலும் போட்டு, கம்பிகளை முறுக்கிச் சுருக்கி, ஆண்டெனாவைத் தள்ளிக் கட்டினோம். இரைச்சல் பெருமளவு இறங்கியது. முழுக்கப் போகவில்லை. குறித்த நேரத்துச் செய்திக்குக் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்துவிட்டு பேட்டரியில் மட்டும் கேட்பது என்று நடைமுறை வகுத்தோம். அதற்குக் கருவியில் ஒரு விசை வேண்டும். பலவற்றில் விசையே இல்லை. அமெரிக்கப் படைத்தரம் மில்-எஸ்டிடி-461 இந்தக் கசிவுக்கு வரம்பு வைக்கிறது. "ராணுவத் தரம்" என்று பெட்டியில் எழுதியிருந்தால், 461-ன் சோதனை அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதிர்வு, விழுதல், மழை, உப்பு, பூஞ்சை பற்றிய மில்-எஸ்டிடி-810-ஐத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். அதிலும் எந்த முறைகளில் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும், ஏனென்றால் 810 என்பது பல சோதனைகளின் தொகுப்பு. புழுதிச் சோதனையை மட்டும் முடித்தவரும் 810 என்று எழுதிக்கொள்கிறார். நமக்கு வேண்டிய முறை எண்கள் 506 மழை, 507 ஈரப்பதம், 508 பூஞ்சை. பூஞ்சைச் சோதனைக்கே குறைந்தது 28 நாள் வேண்டும்.

ஈரம் தகட்டை அவ்வளவு எளிதில் கொல்வதில்லை, இணைப்பிகளைக் கொல்கிறது. ஒரு நிறுவனத்தின் மடிப்புத் தகடு, தண்ணீர் புகாது என்ற உறுதிமொழியோடு வந்தது, மழைக்காலம் முடிவதற்குள் பச்சைக் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே எறும்புக்கூடு. மூடி பொருந்தியிருக்கும்போது அது தண்ணீரைத் தடுத்தது உண்மைதான். ஆனால் இருட்டில், ஈரக் கையோடு, அவசரத்தில் இணைத்துப் பிரிக்கும் மனிதர் மூடியை ஒவ்வொரு முறையும் சரியாகப் பொருத்துவார் என்று அந்த வடிவம் நம்பியது. அது ஆய்வக நம்பிக்கை. இணைப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு, சேற்றுக் கையால் இணைத்துப் பார்ப்பது எங்கள் சோதனையில் நிலையான பகுதி ஆகிவிட்டது.

பேட்டரியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ பாதியாகும். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலையான இடங்களுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையே நான் பரிந்துரைக்கிறேன். நிலை அமைப்பவர்களுக்கு இன்னொன்று: நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் தகட்டைப் படுக்கவைத்தாலும் வெயில் கிடைக்கும், ஆனால் படுக்கவைக்க வேண்டாம். 10 பாகையாவது சாய்த்தால்தான் மழை அதைக் கழுவும்.

முகாம் கூரைகளைப் பற்றியும் கேப்டன் கேட்டார். அது தனி விஷயம், அதில் பலரும் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் வீடுகளும் கட்டடங்களும் மின்வாரியத்தோடு இணைத்துப் போட்டிருக்கும் சாதாரணக் கூரைத் தகடுகள், வாரிய மின்சாரம் நின்றால் தாமும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே இன்வெர்ட்டரை அப்படி அமைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு. 2023 மார்ச் மாத ஜொகூர் வெள்ளத்தில் எங்கள் வட்டாரத்திலும் மின்சாரம் போனது. கூரை நிறைய தகடு வைத்திருந்த வீடுகளும் இருட்டில்தான் கிடந்தன, மறுநாள் வெயில் அடித்தபோதும் கூட. பேட்டரியும், வாரியத்திலிருந்து தானாகத் துண்டித்துக்கொண்டு தனித்து இயங்கும் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அது நெருக்கடிக்கு உதவும். ஒரு முகாம் இத்தனை கிலோவாட் தகடு போட்டிருக்கிறது என்ற செய்தி கட்டணச் சேமிப்பைச் சொல்கிறது; தாக்குதலிலோ வெள்ளத்திலோ அந்த முகாமின் மருத்துவ அறைக்கு வெளிச்சம் இருக்குமா என்பதைச் சொல்வதில்லை. பிரதான விசையை ஒரு முழு இரவு அணைத்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

இந்தப் படிக்கட்டு அளக்காத ஒன்றும் உண்டு. பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2022 அறிக்கைப்படி, சூரியத் தகட்டு உற்பத்தியின் எல்லா முக்கியக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கடல் வழி மூடினால் உதிரி எங்கிருந்து வரும்? நம் நாட்டிலும் உற்பத்தி இல்லாமல் இல்லை. கெடா மாநிலத்துக் கூலிமில், அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலாரின் ஆலை கேட்மியம் டெலூரைடு மென்படலத் தகடுகளைச் செய்கிறது. அந்த வகை சிலிக்கனைவிட வெப்பத்தில் சற்றுக் குறைவாகவே இழக்கும். கண்ணாடித் தகடு என்பதால் ரோந்துக்கு ஆகாது. நிலைகளுக்கும் முகாம்களுக்கும் யோசிக்கலாம். நாட்டுக்குள் பழுது பார்க்க முடியாத கருவியை, படி எத்தனையாக இருந்தாலும், நான் படைக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

கேப்டனுக்கு எழுதிக் கொடுத்த மதிப்பீட்டின் சாரம் இது. என் கணிப்பு, என் பொறுப்பு. எல்லை உணர்கருவி, வேலி, காவல் சாவடி விளக்கு போன்ற சிறு தேவைகள் 9, இன்றே வாங்கலாம். மலையுச்சியில் நிலையான மறுஒலிபரப்பு நிலையம், இடிதாங்கியும் நல்ல தரைத்தொடர்பும் இருந்தால், 8. எல்லைக் காவல் நிலைக்குத் தகடும் பேட்டரியும் சிறிய ஜெனரேட்டரும் சேர்ந்த கலப்பு ஏற்பாடு 7. ஜெனரேட்டரை எடுத்துவிடச் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் வானத்துக்கு அது வேண்டும். ஆனால் அது நாள் முழுக்க ஓடாமல் எப்போதாவது ஓடினாலே பீப்பாய்களும் சத்தமும் பெரிதும் குறையும். காட்டுக்குள் நடந்துபோகும் ரோந்துக்கான மடிப்புத் தகடு 5. சில கருவிகளுக்கு 6 கொடுத்தேன். அதை முதன்மை மின்சாரமாக நம்பி ஒரு குழுவை அனுப்பக் கூடாது. தங்கும் இடத்தில் வெளிச்சம் கிடைத்தால் பேட்டரிக்குத் துணையாகலாம், அவ்வளவுதான்.

செய்தித்தாளில் வரும் பெரிய கனவுகளையும் அவர் கேட்டதால் சேர்த்தேன். ஸெஃபைர் என்ற ஆளில்லா விமானம், 25 மீட்டர் இறக்கையும் 75 கிலோவுக்குக் குறைந்த எடையும் கொண்டது, 2022-ல் சூரிய சக்தியில் 64 நாட்கள் தொடர்ந்து பறந்து கடைசியில் விழுந்து உடைந்தது. உண்மையான வானத்தில் முழு வடிவம் பறந்திருக்கிறது, ஆகவே 7 என்பேன். விண்ணிலிருந்து மின்சாரத்தை அலையாக இறக்கும் யோசனை இன்னும் கீழே இருக்கிறது. 2020 மே மாதம் எக்ஸ்-37பி விண்கலத்தில் போன அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் சோதனைப் பலகை 30 சென்டிமீட்டர் சதுரம்தான். இவை எல்லாவற்றுக்கும் சோலார் என்ற ஒரே பெயர் இருப்பதால், ஒன்றின் தேர்ச்சியை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கேப்டன் கொண்டுவந்த கையேடுகள் சிலவற்றில் நடந்ததும் அதுதான்.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு ரோந்துத் தகடுகளை மறுபடியும் சோதிக்கிறோம். தோட்ட எல்லையில் இரண்டு ஜோடி, ஒரே ரகம், ஒரே வயது. ஒரு ஜோடி நாள் முழுவதும் விரித்தே இருக்கும், மற்றது காலையில் மடித்து முதுகில் ஏறி, மாலையில் தங்கும் இடத்தில் விரியும். பதிவேட்டில் வானத்தின் நிலை, விளைந்த வாட்-மணி, 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல், மேலிருந்து எத்தனை மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தது, இணைப்பியின் நிலை என்று பத்திகள் இருக்கின்றன. கருவியை அன்று விரித்துக் கட்டியவர் பழகியவரா புதியவரா என்று ஒரு கடைசிப் பத்தியும் உண்டு. அதைச் சேர்க்கச் சொன்னவர் கேப்டன். தோட்டக் காவலுக்குப் புதிதாக வந்த பையன்கள் இரண்டு பேரை அதற்கென்றே கேட்டு வாங்கியிருக்கிறேன்.